புறங்கூறுதல் வேறு, புகார் கூறுதல் வேறு



விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் நாம். மாலையில் நாம் திரும்பும்வரை பிள்ளைகளுக்கு அக்கம்பக்கத்தார் கண்தான் காவல். அந்தக் கண்ணில் ஒருவருடைய நடத்தை உறுத்தினால் என்ன செய்வது? சொன்னால் வம்பு, சொல்லாவிட்டால் பாவமோ என்று தவிக்கிறோம்.

லேவியர் நூல் 19:16 இரண்டையும் சேர்த்தே தடுக்கிறது. புறங்கூறித் திரியக் கூடாது. அடுத்திருப்பவர் உயிருக்கு ஆபத்து வரும்போது கைகட்டி நிற்கவும் கூடாது.

2018-இல் தமிழகம் இந்த இரண்டு ஆபத்துகளையும் கண்டது. மே மாதம், போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்கு வந்த சென்னைக் குடும்பம் ஒன்று பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, பிள்ளை பிடிப்பவர்கள் என்று கூட்டம் அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்தார். ஜூலையில், சென்னை அயனாவரத்தில், செவித்திறன் குறைந்த 11 வயதுச் சிறுமியை அடுக்குமாடிக் குடியிருப்பு ஊழியர்கள் பல மாதங்களாகச் சீரழித்தது வெளிவந்தது. 2020-இல் 15 பேர் தண்டனை பெற்றனர். ஓரிடத்தில் விசாரிக்காமலே தண்டனை. மற்றோரிடத்தில் நீண்ட மௌனம்.

ஆகவே மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம்.

முதலாவது, நாம் கண்டது என்ன? வேற்று மொழி, வேற்று ஊர், அழுக்குச் சட்டை ஆகியவை குற்றமல்ல. தனக்குத்தானே பேசித் திரிபவருக்குத் தேவை மருத்துவம். மனநல உதவிக்கு 14416 என்ற எண் உண்டு. ஆனால் ஒருவர் பிள்ளையை அடிக்கடி தனியே அழைத்துப் போகிறார், பரிசு கொடுத்து 'அம்மாவிடம் சொல்லாதே' என்கிறார், அவரைக் கண்டதும் பிள்ளை நடுங்குகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, ஆபத்து யாருக்கு? பிள்ளைக்கு என்றால் ஆதாரம் தேடிக் காத்திருக்க வேண்டாம். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்சினாலும் தெரிவிப்பதைக் கடமையாக்கியுள்ளது. மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர்மீது வழக்கு வராது. தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை.

மூன்றாவது, யாரிடம் சொல்வது? டீக்கடையில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவிலும் வேண்டாம். பிள்ளையின் பெயரும் வெளியே போகக் கூடாது. குழந்தைகளுக்கான 1098, அவசரத்துக்கு 112, அல்லது காவல் நிலையம். மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளம், இந்தப் பக்கம் தமிழ்நாடு என்று தயங்க வேண்டாம். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் காவல் நிலையம் தகவலைப் பதிவு செய்ய வேண்டும்.

'முதலில் தனியே கண்டித்துப் பார்க்கத்தானே மத்தேயு 18 சொல்கிறது?' என்று சிலர் கேட்கலாம். அது சகோதரர் நமக்கு எதிராகச் செய்த குற்றத்தைப் பற்றியது. அதே அதிகாரத்தில், அதற்கு முன்பே, சிறியோரை இடறச் செய்பவரைக் குறித்து எந்திரக்கல்லைக் காட்டி ஆண்டவர் எச்சரிக்கிறார். சிறியோருக்கு நேர்ந்ததை நமக்குள் பேசி முடிக்க நமக்கு உரிமை இல்லை. பங்குச் சாமியாரிடம் சொன்னதோடும் கடமை தீராது. சந்தேகத்துக்குரியவர் குருவே ஆனாலும் சட்டம் ஒன்றுதான். குருக்களும் துறவியரும் இத்தகைய குற்றங்களை மறைக்காமல் திருச்சபை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் ஆணையிட்டார்; அது நாட்டின் சட்டத்துக்கு மாற்றாகாது.

'நான் என்ன, என் தம்பிக்குக் காவலாளியா?' என்று கேட்டவன் காயின். ஆம், நாம் காவலாளிகள்தாம். காண்பதை நிதானமாகக் காணவும், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய இடத்தில் துணிந்து சொல்லவும் தூய ஆவியார் நமக்கு வரம் தருவாராக. ஆமென்.