தீயணைப்பு வண்டி எட்டாத மலைக் கிராமங்கள்

புது தில்லி: தகவல் கிடைத்ததிலிருந்து 20 நிமிடங்களுக்குள் தீயணைப்பு வாகனம் கிராமத்தை அடைந்தாக வேண்டும், நகரமாயின் 5 முதல் 7 நிமிடங்களுக்குள். மத்திய உள்துறை அமைச்சகத்துக்காக 2011-இல் தயாரிக்கப்பட்ட ஆய்வு வகுத்த அளவுகோல் இது. ஹிமாசலப் பிரதேசத்திலும் உத்தரகண்டிலும் சாலை முடிகிற இடத்திலிருந்து ஊருக்கு நடந்தே ஏற வேண்டிய கிராமங்களுக்கு இந்தக் கணக்கு எந்த வகையில் பொருந்தும் என்பதற்கு அதிகாரிகளிடம் விடையில்லை.

குல்லு மாவட்டத்தின் மலானா கிராமம் இதற்குச் சான்று. 2008 ஜனவரியில் அங்கு மூண்ட தீயில் ஏராளமான வீடுகளும் பழைமையான கோயிலும் எரிந்தன. ஊருக்குள் வாகனம் செல்லும் சாலை அப்போது இல்லை. 2021 அக்டோபரில் மீண்டும் தீப்பற்றி, பத்துக்கும் மேற்பட்ட வீடுகள் நாசமாயின. இடையில் 2015 நவம்பரில் அதே மாவட்டத்தின் கோட்லா கிராமம் எரிந்தது.

இந்த ஊர்களின் அமைப்பே தீக்குத் துணைபோகிறது. தேவதாரு மரச் சட்டங்களையும் கல்லையும் மாறி மாறி அடுக்கிக் கட்டிய வீடுகள் நிலநடுக்கத்தைத் தாங்குபவை, நெருப்பைத் தாங்காதவை. கீழ்த்தளத்தில் கால்நடைகள், மேலே மனிதர்கள், பனிக்காலத்துக்கெனச் சேர்த்து வைத்த வைக்கோலும் விறகும் சுற்றிலும். ஊருக்கும் ஊருக்கும் இடையே பல கி.மீ. தூரம், ஆனால் ஊருக்குள் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கையெட்டும் இடைவெளிதான். குளிர்காலத்தில் குழாய்களில் நீர் உறைந்துவிடும். பானையும் வாளியும் ஏந்தி ஊரே வரிசையில் நிற்பதுதான் அங்கு தீயணைப்புத் துறை.

தாமதமாகச் செல்வதன் விலையைக் கொடுப்பவர்களில் தீயணைப்போரும் உண்டு. தொடக்கத்திலேயே சென்றால் ஓர் அறையோடு முடியும் தீ, தாமதித்தால் கூரையைத் தின்ற பிறகே அவர்கள் கண்ணில் படுகிறது. இடிந்து விழும் சுவருக்கும் உத்தரத்துக்கும் அடியில் அவர்கள் வேலை செய்ய நேர்கிறது. காட்டுத்தீயில் இந்த ஆபத்து பன்மடங்கு. வெப்பம் மேல்நோக்கிச் சென்று சரிவிலுள்ள சருகுகளை முன்கூட்டியே உலர்த்திவிடுவதால், மலையேறும் தீ மனிதனைவிட வேகமாக ஓடுகிறது.

உத்தரகண்டின் அல்மோரா மாவட்டத்தில், பின்சர் வன உயிரினச் சரணாலயத்தில் 2024 ஜூன் 13 அன்று நடந்தது அதுவே. தீயை அணைக்க ஒரே வாகனத்தில் அனுப்பப்பட்ட எட்டு பேரைக் காற்றின் வேகத்தில் திரும்பிய நெருப்பு சூழ்ந்துகொண்டது. நால்வர் அங்கேயே மாண்டனர். கடும் தீக்காயமுற்றவர்கள் விமானம் மூலம் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். மாண்டவர்களில் ஒருவர் வனக் காவலர். மற்றவர்கள் தீக்கண்காணிப்பாளர், மாநில இளைஞர் படை வீரர், தினக்கூலித் தொழிலாளி. எரியும் பைன் சருகைப் பச்சைக் கிளையால் அடித்து அணைப்பதே இத்தகையோருக்குத் தெரிந்த முறை.

இதற்கு ஒரு மாதம் முன்புதான் உச்ச நீதிமன்றம் அம்மாநில அரசைக் கடிந்துகொண்டது. தீத்தடுப்புப் பணியில் இருக்க வேண்டிய வனத்துறையினரைத் தேர்தல் பணிக்கு அனுப்பியது ஏன், ஒதுக்கப்பட்ட ரூ.10 கோடியில் ரூ.3.15 கோடியை மட்டுமே செலவிட்டது ஏன் என்று நீதிபதிகள் வினவினர். பின்சர் துயரத்துக்குப் பின் உயர் அதிகாரிகள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டனர். விமானப் படை ஹெலிகாப்டர் ஏரியில் நீர் முகந்து காட்டின் மீது கொட்டுவதைத் தொலைக்காட்சிகள் காட்டின. காட்சிக்கு அது அழகு. ஆனால் சரிவில் நிற்பவனுக்குத் தீப்பிடிக்காத சட்டையும் காலணியும் முதலில் வேண்டும்.

தீயணைப்பு, அரசியல் சாசனத்தின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளின் பணியாக இடம்பெற்றிருக்கிறது. நகராட்சியே இல்லாத மலைக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி அப்போதே எழுந்திருக்க வேண்டும். தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், நாட்டில் தீயணைப்பு நிலையங்களின் பற்றாக்குறை 97.54 சதவீதம் என்றும், பணியாளர் பற்றாக்குறை 96.28 சதவீதம் என்றும் குறிப்பிடப்பட்டது. அச்சுப்பிழையோ என்று ஐயுற வைக்கும் எண்கள் இவை.

15-ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, தீயணைப்புத் துறையை விரிவுபடுத்தவும் நவீனமாக்கவும் ரூ.5,000 கோடித் திட்டத்தை மத்திய அரசு 2023 ஜூலையில் தொடங்கியது. பிற மாநிலங்கள் 25 சதவீதப் பங்களிக்க, இமயமலை மாநிலங்களும் வடகிழக்கு மாநிலங்களும் 10 சதவீதம் தந்தால் போதும் என்பது நல்ல ஏற்பாடே. ஆனால் அந்தப் பணம் மாவட்டத் தலைநகரில் இன்னொரு பெரிய வண்டியாக நிற்பதால் மலானாவுக்குப் பயனில்லை. ஊருக்கு மேலே ஒரு நீர்த்தொட்டி, தோளில் சுமக்கத்தக்க பம்பு, குழாயைப் பிடிக்கப் பழகிய பத்து இளைஞர்கள் ஆகியவையே அங்கு தேவை; செலவும் குறைவு.

காயமுற்றவர்களின் கணக்கு தனிக்கதை. தீ விபத்து மரணங்களை ஆண்டுதோறும் தொகுக்கும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கையில் தீயணைக்கச் சென்று காயமுற்றோருக்குத் தனித் தலைப்பு இல்லை. 1944 மும்பைத் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட 66 தீயணைப்பு வீரர்களுக்கு ஒவ்வோர் ஏப்ரல் 14-ஆம் தேதியும் அஞ்சலி செலுத்தப்படுகிறது. உத்தரகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரையிலான தீப்பருவத்துக்கென அமர்த்தப்படும் கண்காணிப்பாளர்கள், அந்த நாளிலும் ஏதோ ஒரு சரிவில் கிளையொடித்துக்கொண்டிருப்பார்கள்.