ரேட்டிங் ஒரே இடத்தில் நிற்கிறதா? விடை தோற்ற ஆட்டங்களில் இருக்கிறது

செஸ்ஸில் முதல் வருஷம் எல்லாமே வேகமாக நடக்கும். பள்ளி கிளப்பில் சேர்ந்த பிள்ளை ஆறே மாதத்தில் அப்பாவை ஜெயிக்க ஆரம்பித்துவிடும். ரேட்டிங் 600, 800, 1000 என்று ஏறும். பிறகு 1200-க்குப் பக்கத்தில் வந்து அப்படியே நின்றுவிடும். ஒரு போட்டியில் 30 புள்ளி கூடும், அடுத்ததில் 35 குறையும். இப்படியே ஒரு வருஷம் ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்தக் குரல் கேட்கும்: "எத்தனை ஆடினாலும் அதே நம்பர்தாம்மா. எனக்கு செஸ் வேண்டாம்."

உடனே கோச்சை மாற்றலாமா, இன்னும் நாலு போட்டியில் சேர்க்கலாமா என்று பெற்றோருக்குத் தோன்றும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. செலவில்லாதது, வீட்டிலேயே செய்யக்கூடியது.

அந்த எண் என்ன சொல்கிறது?

ரேட்டிங் என்பது அர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் வகுத்த கணக்கு. இருவர் மோதினால் யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை அது மதிப்பிடுகிறது. 200 புள்ளி வித்தியாசம் இருந்தால், குறைந்தவர் நாலு ஆட்டத்தில் சுமார் ஒரு புள்ளி எடுப்பார் என்பது எதிர்பார்ப்பு. ஆகவே 1200 உள்ள பிள்ளை 1400-இடம் தோற்றால், நடக்கக்கூடியதுதான் நடந்திருக்கிறது.

இன்னொன்று, இந்த எண் மற்றவர்களோடு சேர்த்து அளக்கப்படுவது. கூட ஆடும் பிள்ளைகள் எல்லோரும் வேகமாக முன்னேறும்போது, நம் பிள்ளையும் முன்னேறிக்கொண்டே அதே எண்ணில் நிற்கலாம். இப்படி எண்கள் கீழே இழுக்கப்படுவதைச் சரிசெய்யத்தான், உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 2024 மார்ச்சில் 2000-க்குக் கீழே இருந்த எல்லோருக்கும் ஒரே தடவையாக ரேட்டிங்கை உயர்த்தியது. 1500 இருந்தவர் ஒரே நாளில் 1700 ஆனார். அன்று அவர் ஆட்டத்தில் எதுவும் மாறியிருக்கவில்லை!

ஏன் நிற்கிறது?

ஆரம்பத்தில் ரேட்டிங் ஏறுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். காய்களைச் சும்மா பறிகொடுப்பதைப் பிள்ளை நிறுத்திவிடுகிறது, எதிராளி இன்னும் நிறுத்தவில்லை. 1200-க்கு வரும்போது எதிராளியும் நிறுத்திவிடுகிறார். அதற்கு மேலே போக வேறு சரக்கு வேண்டும்.

அந்தச் சரக்கு என்ன? வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். உண்மையான ஆட்டத்தின் ஒரு நிலையை 5 விநாடி மட்டும் காட்டினால், மாஸ்டர் ஏறக்குறைய அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். புதிதாக ஆடுபவரால் முடியாது. ஆனால் அதே காய்களைத் தாறுமாறாகக் கலைத்து வைத்துக் காட்டினால் மாஸ்டரும் திணறுகிறார். வலுவான ஆட்டக்காரரிடம் இருப்பது பொதுவான ஞாபகசக்தி இல்லை. அர்த்தமுள்ள அமைப்புகள் ஆயிரக்கணக்கில் மனதில் சேர்ந்திருக்கின்றன.

புது அமைப்பு மனதில் சேர, நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஃபோனில் மூன்று நிமிட ஆட்டம் இருபது ஆடினால், ஏற்கெனவே தெரிந்ததுதான் இருபது தடவை திரும்ப வரும். தப்பும் அப்படியே பழகிப்போகும். நீல் சார்னஸ் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்விலும், ஆட்டத் திறமையோடு மிக நெருக்கமாகச் சேர்ந்து வந்தது தனியாக உட்கார்ந்து படித்த நேரம்தான்.

தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் பார்ப்பது

உங்கள் ஆட்டங்களை நீங்களே அலசுங்கள் என்பது முன்னாள் உலக சாம்பியன் பொட்வினிக் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை. வீட்டில் இப்படிச் செய்யலாம்.

தோற்ற அன்றே வேண்டாம், மறுநாள் எடுங்கள். மூவ்கள் எழுதிய தாளை வைத்து, பலகையில் ஆட்டத்தைத் திரும்ப ஆடச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரைத் திறக்கக் கூடாது. 'இங்கேதான் குழம்பினேன்' என்று பிள்ளைக்குத் தோன்றும் மூன்று இடங்களைக் குறிக்கட்டும். அப்போது என்ன நினைத்தது, வேறு என்ன ஆடியிருக்கலாம் என்று எழுதட்டும். அதற்குப் பிறகு என்ஜினைக் கேட்கலாம். முதலிலேயே என்ஜினைத் திறந்தால் சரியான மூவ் தெரியும், தன் யோசனை எங்கே வழுக்கியது என்பது தெரியாது. 2024-இல் 18 வயதில் உலக சாம்பியனான சென்னையின் குகேஷ், விஷ்ணு பிரசன்னாவிடம் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரைக்கும் என்ஜின் இல்லாமலே பயிற்சி பெற்றவர்.

ஒவ்வொரு தோல்விக்கும் நோட்டில் ஒரே வரியில் காரணம் எழுத வேண்டும். 'எதிராளியின் மிரட்டலைப் பார்க்கவில்லை', 'நேரம் தீர்ந்துவிட்டது', 'கடைசிக் கட்டம் தெரியவில்லை', இப்படி. இருபது ஆட்டம் சேர்ந்ததும் எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு காரணங்கள்தான் மாறி மாறி வரும். அடுத்த மூன்று மாதப் பாடம் அந்த இரண்டும்தான்.

உதாரணத்துக்கு ஒரு கடைசிக் கட்டம். வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. வேறு காய் இல்லை. கறுப்பு நகர வேண்டிய முறை என்றால் வெள்ளைக்கு வெற்றி. வெள்ளை நகர வேண்டியிருந்தால் டிரா. ராஜாக்கள் நேருக்கு நேர் நிற்கும்போது நகர வேண்டியவருக்கே நஷ்டம். இது தெரியாத பிள்ளை, ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் யானைகளை மாற்றிக்கொண்டு அரைப் புள்ளியோடு வீட்டுக்கு வரும். ஓப்பனிங்கில் பதினைந்து மூவ் மனப்பாடம் செய்வதைவிட, இதைப் புரிந்துகொள்ள ஆகும் அரை மணி நேரம் அதிகப் பலன் தரும்.

வாரத்துக்கு நாலு மணி நேரம்

தமிழ்ப் பள்ளி, நீச்சல், வீட்டுப்பாடம் எல்லாம் போக இவ்வளவு கிடைத்தால் போதும்.

- யோசித்து ஆடும் ஒரு நீண்ட ஆட்டம், ஆளுக்கு 45 நிமிடம்.
- அந்த ஆட்டத்தை அலச 45 நிமிடம்.
- நாலு நாள், நாளுக்கு 20 நிமிடம் புதிர்கள். காயைத் தொடாமல், கடைசி மூவ் வரை மனதில் பார்த்த பிறகே விடை சொல்ல வேண்டும்.
- கடைசிக் கட்டத்துக்கு அரை மணி.

மூன்று மாதம் ரேட்டிங்கைப் பார்க்காமல் இதைச் செய்து பாருங்கள்.

காரில் திரும்பும்போது

"ஜெயிச்சியா?" என்பதற்குப் பதிலாக, "இன்னிக்கு எந்த மூவ் உனக்குப் பிடிச்சுது?" என்று கேட்டுப் பாருங்கள். செஸ் தெரியாத அம்மாவும் கேட்கலாம், பாட்டியும் கேட்கலாம். குதிரை, யானை, மந்திரி என்று தமிழிலேயே பிள்ளை விளக்கினால், யோசனையைச் சொல்லில் கொண்டுவரும் பயிற்சியும் அதோடு சேர்ந்து நடக்கிறது.

ஒப்பிடுவதை மட்டும் விட்டுவிடுங்கள். அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை வைத்து கோபே, காம்பிடெல்லி இருவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாஸ்டர் நிலையை எட்ட ஒருவருக்குச் சுமார் 3,000 மணி நேரம் போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அடுத்த வீட்டுப் பிள்ளையின் கடிகாரம் வேறு.

"வேண்டாம்" என்று பிள்ளை சொன்னால் ஒன்றை மட்டும் கண்டுபிடியுங்கள். அலுத்துப்போனது ஆட்டமா, அந்த எண்ணா? ஒரு மாதம் போட்டி எதற்கும் போகாமல், வீட்டில் சும்மா ஆடிப் பாருங்கள். அப்போதும் பலகைப் பக்கம் வரவில்லை என்றால் தாராளமாக விட்டுவிடலாம், அதில் தோல்வி ஒன்றும் இல்லை. தானாகவே வந்து காய்களை அடுக்கினால், அந்த நோட்டை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.