பரிவு நரம்பு மண்டல மருந்துகள்

பரிவு நரம்பு மண்டல மருந்துகள் என்பவை, உடலைத் திடீர் நெருக்கடிக்கு ஆயத்தப்படுத்தும் பரிவு நரம்புகளின் வேலையைக் கூட்டும் அல்லது குறைக்கும் மருந்துகள் ஆகும். ஆஸ்துமா நோயாளி உறிஞ்சும் சால்பியூட்டமால், இரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் அட்டெனலால், மூக்கடைப்புக்கு விடும் சைலோமெட்டாசொலின் சொட்டு, கடும் ஒவ்வாமையில் தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, தேள் கொட்டியவருக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை ஆகிய அனைத்தும் இவ்வகையைச் சேர்ந்தவை. தொடர்பற்றவைபோலத் தோன்றினாலும் இவை எல்லாம் ஒரே வேதிச்செய்தியைச் சுற்றியே வேலை செய்கின்றன. அந்தச் செய்தியை எந்த உறுப்பு எந்த ஏற்பியின் வழியாகப் பெறுகிறது என்று அறிந்துகொண்டால், ஒரு மருந்தின் பயனையும் பக்கவிளைவையும் பெரும்பாலும் மனப்பாடம் செய்யாமலே சொல்லிவிடலாம்.

பரிவு நரம்புகளின் வேலை

"பரிவு" என்ற பெயரைக் கண்டு இரக்கம் என்று பொருள்கொள்ள வேண்டியதில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று இசைந்து இயங்குகின்றன என்ற பழைய ஐரோப்பியக் கருத்திலிருந்து வந்த பெயரின் மொழிபெயர்ப்பு அது.

தண்டுவடத்தின் மார்புப் பகுதியிலும் இடுப்பின் மேற்பகுதியிலும் தொடங்கும் பரிவு நரம்பிழைகள், முதுகெலும்பை ஒட்டியுள்ள நரம்புக்கணுக்களில் முடிகின்றன. அங்கிருந்து புறப்படும் இரண்டாவது நரம்பிழை இதயம், இரத்தக்குழாய், கண், குடல், சிறுநீர்ப்பை முதலியவற்றை அடைகிறது. தெருவில் நாய் துரத்தும்போது நெஞ்சு படபடப்பதும், தோல் வெளுப்பதும், கண்மணி விரிவதும், ஈரல் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதும் இந்த நரம்புகளின் வேலையே. இவற்றின் முனையில் வெளிவரும் வேதிப்பொருள் நார் அட்ரினலின். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்துள்ள அண்ணீரகச் சுரப்பிகளின் உட்பகுதி, அதனோடு நெருங்கிய உறவுடைய அட்ரினலினை நேரடியாக இரத்தத்தில் கலக்கிறது.

இதில் ஒரு விதிவிலக்கை நினைவில் வைப்பது நல்லது. வியர்வைச் சுரப்பிகளுக்குச் செல்லும் பரிவு நரம்புகள் நார் அட்ரினலினை அல்ல, அசிட்டைல் கோலினை வெளியிடுகின்றன. இச்சிறு விலக்கு சில நேரங்களில் உயிர்காக்கும் தகவலாக மாறுவதைக் கீழே காணலாம்.

ஒரே செய்தி, வெவ்வேறு பதில்

அட்ரினலின் சில இரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. வேறு சிலவற்றை விரிக்கிறது. இதயத்தை முடுக்குகிறது, குடலைத் தளர்த்துகிறது. ஒரே பொருள் எப்படி எதிரெதிரான விளைவுகளைத் தருகிறது என்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும் புதிராக இருந்தது. 1906இல் ஆங்கிலேய ஆய்வாளர் ஹென்றி டேல், எர்காட் என்னும் பூஞ்சைப் பொருளை முன்னதாகச் செலுத்திய பூனைக்கு அட்ரினலினைக் கொடுத்தபோது, வழக்கமாக ஏறவேண்டிய இரத்த அழுத்தம் இறங்கியதைக் கண்டார். எர்காட் சுருக்கும் விளைவை மட்டும் தடுத்துவிட, மறைந்திருந்த விரிக்கும் விளைவு வெளியே தெரிந்தது.

இதற்குத் தெளிவான விளக்கம் 1948இல் வந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட், அட்ரினலின் குடும்பத்தைச் சேர்ந்த பல வேதிப்பொருள்களைப் பல உறுப்புகளில் சோதித்து, எது வலியது, எது மெலியது என்று வரிசைப்படுத்தினார். இரண்டே இரண்டு வரிசைகள்தான் கிடைத்தன. ஆகவே ஏற்பிகளும் இரண்டு வகை என்று முடிவுசெய்து ஆல்பா, பீட்டா எனப் பெயரிட்டார். அக்காலத்து மருந்தியலாளர்கள் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. பின்னாளில் ஆல்பா 1, ஆல்பா 2 எனவும், பீட்டா 1, 2, 3 எனவும் இவை மேலும் பிரிக்கப்பட்டன.

ஆல்பா 1 ஏற்பி இரத்தக்குழாய்களைச் சுருக்கும், கண்மணியை விரிக்கும், சிறுநீர்ப்பையின் கழுத்தையும் புராஸ்டேட் சுரப்பியின் தசையையும் இறுக்கும். ஆல்பா 2 பெரும்பாலும் நரம்பு முனையிலேயே அமர்ந்து, "வெளியிட்டது போதும்" என்று நரம்புக்குத் திருப்பிச் சொல்லும் கடிவாளமாக இருக்கிறது. பீட்டா 1 இதயத்துடிப்பின் வேகத்தையும் வலுவையும் கூட்டும். சிறுநீரகத்திலிருந்து ரெனினை வெளிவரச் செய்யும். பீட்டா 2 மூச்சுக்குழாய்களையும் தசைகளுக்குச் செல்லும் இரத்தக்குழாய்களையும் கருப்பையையும் தளர்த்தும். பீட்டா 3 சிறுநீர்ப்பையைத் தளர்த்துகிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கும் தொல்லைக்கான மிராபெக்ரான் அதன்மீது வேலை செய்கிறது.

ஏற்பியைத் தூண்டும் மருந்துகள்

எல்லா ஏற்பிகளையும் ஒருங்கே தூண்டும் மருந்து அட்ரினலின். வேர்க்கடலை, குளவிக் கொட்டு, பெனிசிலின் போன்றவற்றால் சிலருக்கு ஏற்படும் கடும் ஒவ்வாமையில் இரத்தக்குழாய்கள் தளர்ந்து அழுத்தம் சரியும், தொண்டை வீங்கும், மூச்சுக்குழாய் இறுகும். அட்ரினலின் ஆல்பா 1 வழியாகக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தைக் குறைக்கிறது. பீட்டா 1 வழியாக இதயத்துக்கு வலுவூட்டுகிறது. பீட்டா 2 வழியாக மூச்சுப்பாதையைத் திறக்கிறது. மூன்று சிக்கல்களுக்கும் ஒரே மருந்து. பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது வழக்கம். ஒவ்வாமை மாத்திரையும் ஸ்டீராய்டு ஊசியும் இதற்கு மாற்றாகா; அவற்றுக்காக அட்ரினலினைத் தாமதப்படுத்துவது ஆபத்தானது.

ஆஸ்துமாவில் தேவைப்படுவது மூச்சுக்குழாய் விரிவு மட்டுமே. அதற்காகப் பீட்டா 2 ஏற்பியையே நாடும்படி வடிவமைக்கப்பட்ட சால்பியூட்டமால் 1969இல் பிரித்தானியாவில் விற்பனைக்கு வந்தது. ஆனால் தேர்வு என்பது அளவைப் பொறுத்தது. அளவு கூடினால் இதயமும் படபடக்கும். கை நடுங்குவதற்குக் காரணம் மருந்து வழிதவறியது அன்று. எலும்புத்தசைகளிலும் பீட்டா 2 ஏற்பிகள் உள்ளன என்பதே.

சைலோமெட்டாசொலின் சொட்டு, மூக்கின் உட்தோலிலுள்ள இரத்தக்குழாய்களை ஆல்பா ஏற்பிகள் வழியாகச் சுருக்கி அடைப்பை நீக்குகிறது. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் குழாய்கள் மருந்துக்குப் பழகி, மருந்து நின்றதும் முன்னைவிட அதிகமாக வீங்குகின்றன. அடைப்புக்காகச் சொட்டு, சொட்டால் அடைப்பு என்று மாதக்கணக்கில் சுழல்பவர்கள் உண்டு. சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள பினைலெப்ரினின் சிக்கல் வேறு: வாய்வழி உட்கொண்டால் அதன் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைந்துவிடுகிறது. இப்படி உட்கொள்ளும் பினைலெப்ரின் மூக்கடைப்பைப் போக்குவதில்லை என்று 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு முடிவு கூறியது.

ஏற்பியை அடைக்கும் மருந்துகள்

ஆல்குவிஸ்ட்டின் கருத்துக்கு உயிர் கொடுத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக். அடைபட்ட இதயத் தமனிகள் வழியாக அதிக இரத்தத்தை அனுப்ப எல்லாரும் முயன்றபோது, இதயத்தின் தேவையையே குறைத்தால் என்ன என்று அவர் சிந்தித்தார். அதன் பயனாக 1960களில் புரோப்பிரனலால் கிடைத்தது. 1988இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

புரோப்பிரனலால் பீட்டா 1, பீட்டா 2 இரண்டையும் அடைக்கும். ஆகவே ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுத்திணறலை வரவழைக்கலாம். கண்நீர் அழுத்த நோய்க்கு விடும் டிமோலால் சொட்டு கூட இரத்தத்தில் கலந்து இதே விளைவைத் தரக்கூடும். கண்ணுக்குத்தானே விடுகிறோம் என்று இதைப் பலர் மருத்துவரிடம் சொல்வதில்லை. அட்டெனலால், மெட்டோபிரலால், பிசோபிரலால் ஆகியவை பீட்டா 1 ஏற்பியையே பெரிதும் நாடுகின்றன. ஆயினும் "பெரிதும்" என்பது "முற்றிலும்" ஆகாது.

நீரிழிவு நோயாளியின் இரத்தச் சர்க்கரை தாழும்போது படபடப்பும் நடுக்கமும் எச்சரிக்கை மணியாக வருகின்றன. பீட்டா அடைப்பி உட்கொள்பவருக்கு இவை மங்கிவிடும். ஆனால் வியர்வை அசிட்டைல் கோலின் வழியாக வருவதால், அது மட்டும் மறைவதில்லை. இவர்கள் காரணமின்றி வியர்க்கும்போது உடனே சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும்.

இதயம் வலுவிழந்தவர்களுக்கு இம்மருந்துகளைத் தரவே கூடாது என்று முன்பு பாடநூல்கள் எழுதின. சுவீடனில் 1975இல் வெளியான ஒரு சிறு ஆய்வு இதற்கு மாறாகக் கூறியது. 1990களின் பெரிய ஆய்வுகள் அதை உறுதிசெய்தன. ஓயாத பரிவுத் தூண்டலே இதயத்தை மேலும் சிதைக்கிறது என்பது அப்போதுதான் தெளிவாயிற்று.

பீட்டா அடைப்பியையோ, மூளையிலுள்ள ஆல்பா 2 கடிவாளத்தை இழுத்து அழுத்தத்தைக் குறைக்கும் குளோனிடினையோ திடீரென நிறுத்தக் கூடாது. பீட்டா ஏற்பிகள் நீண்டநாள் அடைபட்டிருக்கும்போது, உயிரணுக்கள் அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டிவைக்கின்றன. அடைப்பு நீங்கியதும் அத்தனையும் ஒன்றாகத் தூண்டப்பட்டு நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். குளோனிடின் நின்றால், அடங்கியிருந்த நரம்புகள் மீண்டும் முடுக்கம் பெற்று இரத்த அழுத்தம் எகிறும்.

நரம்பு முனைக்குள் செயல்படுபவை

சில மருந்துகள் ஏற்பியைத் தொடுவதே இல்லை. நார் அட்ரினலின் நரம்பு முனையில் சிறு பைகளில் சேமிக்கப்பட்டு, வெளியாகி, வேலை முடிந்ததும் பெரும்பகுதி அதே நரம்புக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. கொக்கெய்ன் இந்த மீள் இழுப்பைத் தடுக்கிறது.

சர்ப்பகந்தா வேர் இந்திய மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது. மும்பை இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்தத்தில் அதன் பயனை 1949இல் பிரித்தானிய இதழொன்றில் எழுதியபின் உலகம் அதைக் கவனித்தது. 1952இல் சுவிட்சர்லாந்தில் அதிலிருந்து ரெசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அது நார் அட்ரினலின் பைகளில் நிரம்புவதைத் தடுக்கிறது. நரம்பு முனை வெறுமையாகிறது. மூளையிலும் இதுவே நடப்பதால் சோர்வும் மனத்தளர்ச்சியும் தோன்றுவதாகக் கூறப்பட்டது. இன்று அதன் பயன்பாடு மிகக் குறைவு.

செந்தேளும் பிரசோசினும்

இதுவரை சொன்ன விதிகள் எல்லாம் ஒரே நோயாளியிடம் சோதிக்கப்படும் இடம் இந்தியச் செந்தேள் கொட்டு. ஹாட்டென்டோட்டா டாமுலஸ் என்னும் இத்தேளின் நஞ்சு, நரம்பின் சோடியக் கால்வாய்கள் மூடாதபடி செய்கிறது. நரம்புகள் ஓயாமல் சுடுகின்றன. முதலில் வாந்தி, வியர்வை, எச்சில் பெருக்கு. அடுத்து பரிவு நரம்புகளும் அண்ணீரகமும் அட்ரினலினையும் நார் அட்ரினலினையும் கொட்டித் தீர்க்கின்றன. கை கால்கள் சில்லிடுகின்றன. சுருங்கிய குழாய்களுக்கு எதிராக இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது. நுரையீரலில் நீர் கோக்கிறது. இறப்பவர்களில் குழந்தைகள் அதிகம்.

இதயம் விரைந்து துடிக்கிறதே, பீட்டா அடைப்பி கொடுக்கலாமே என்று தோன்றும். அது தவறு. தசைக் குழாய்களை விரித்துக்கொண்டிருந்த பீட்டா 2 அடைபட்டால், சுருக்கும் ஆல்பா 1 எதிர்ப்பின்றி ஓங்கும். களைத்த இதயத்தின் எஞ்சிய வலுவும் குறையும். அண்ணீரகக் கட்டிக்கு அறுவை செய்யும் முன் ஆல்பாவை முதலில் அடைத்து, பிறகே பீட்டாவைத் தொடுவதும் இதே காரணத்தால்தான்.

மகாராட்டிரத்தின் கொங்கண் பகுதியில் மகாட் ஊரில் மருத்துவம் பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர், ஆல்பா 1 ஏற்பியை அடைக்கும் பிரசோசினை இதற்குப் பயன்படுத்தி 1980களில் லான்செட் இதழில் எழுதினார். அதுவரை அது இரத்த அழுத்தத்துக்கான சாதாரண மலிவு மாத்திரை. குழாய்கள் விரிய, இதயத்தின் சுமை இறங்குகிறது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் என்ற கணக்கில் வாய்வழி கொடுத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பக் கொடுக்கிறார்கள். எதுவரை என்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். சில்லிட்ட கை கால்கள் வெதுவெதுப்பாகும் வரை. முதல் மாத்திரைக்குப்பின் எழுந்து நின்றால் அழுத்தம் சரிந்து மயங்கலாம் என்பதால் நோயாளியைப் படுக்க வைத்திருக்க வேண்டும்.

பிரசோசின் நஞ்சை முறிப்பதில்லை. நஞ்சு கிளப்பிய புயலைத் தாங்கவே உதவுகிறது. பவஸ்கரும் அவர் மனைவி பிரமோதினியும் 70 நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், பிரசோசினோடு தேள் நஞ்சுமுறியும் பெற்ற 35 பேரில் 32 பேர் பத்து மணி நேரத்துக்குள் முழுமையாகத் தேறினர். பிரசோசின் மட்டும் பெற்ற 35 பேரில் அந்நேரத்துக்குள் தேறியவர்கள் 8 பேர். ஆகவே நஞ்சுமுறி உள்ள இடத்தில் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதே மேல். அது கிடைக்காத சிற்றூர் மருத்துவமனையில் பிரசோசினை உடனே தொடங்கிவிட வேண்டும்.