பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் சேரலாமா?

நாளை வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள். குளியல் அறையில் பாசி. கழிப்பறையில் மஞ்சள் கறை. வீட்டு அம்மா பிளீச்சிங் பவுடரை அள்ளித் தூவுகிறார். கறை போகவில்லை. "கொஞ்சம் ஆசிட்டும் ஊற்றினால் பளிச்சென்று ஆகிவிடும்" என்று அதன் மேலேயே ஊற்றுகிறார். கதவு சாத்தி இருக்கிறது.

'புஸ்' என்று நுரை கிளம்புகிறது. கண் எரிகிறது. தொண்டை அடைக்கிறது. மூச்சு விட முடியவில்லை!

என்ன நடந்தது? பவுடருக்குள் அடங்கி இருந்த குளோரின், ஆசிட் பட்டதும் வாயுவாக வெளியே வந்துவிட்டது. முதல் உலகப்போரில், 1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந்தேதி, பெல்ஜியம் நாட்டில் ஈப்பர் என்ற ஊருக்கு அருகே ஜெர்மன் படை எதிரிகள் மீது ஏவிய விஷ வாயு இதேதான். அதை நம் வீட்டுக் கழிப்பறையில், நம் கையாலேயே தயார் செய்து, நாமே முகர்கிறோம்!

மளிகைக் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. தனித்தனியாக இருக்கும் வரை இரண்டும் உபயோகமானவை. பாட்டிலில் விற்கும் கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் ஆசிட் உண்டு. எனவே, பிளீச்சிங் பவுடரைத் தண்ணீரைத் தவிர வேறு எதனோடும் சேர்க்காதீர்கள்.

தப்பித் தவறி கலந்துவிட்டால், அங்கே நின்று சுத்தம் செய்து கொண்டிருக்க வேண்டாம். உடனே வெளியே வாருங்கள். மூச்சுத் திணறல் இருந்தால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வியன்னா டாக்டர்

பவுடர் கெட்டது என்று நினைக்க வேண்டாம். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது. வியன்னா நகர ஆஸ்பத்திரியில் 1847-ம் ஆண்டு ஏப்ரல் மாதம், பிரசவத்துக்கு வந்த தாய்மார்களில் 100-க்கு 18 பேர் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. செம்மல்வைஸ் என்ற டாக்டர் கண்டுபிடித்தார். பிணப் பரிசோதனை செய்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்தார்கள்! குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்றார். சில மாதங்களில் சாவு 100-க்கு 2 ஆகக் குறைந்தது.

அந்தச் சுண்ணாம்புதான் இன்றைய பிளீச்சிங் பவுடர். இப்போது கைக்கு சோப்பே போதும். பவுடர் தோலைப் புண்ணாக்கும்.

எவ்வளவு போடுவது?

முதலில் சோப்புத் தண்ணீரால் தரையைத் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கு இருந்தால் குளோரின் அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. பலர் செய்யும் தவறு இதுதான். குப்பை மேல் வெள்ளையாகத் தூவிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள்.

பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் பவுடர். கடைக்காரரிடம் ஒரு தடவை நிறுத்துத் தரச் சொல்லி, அது எத்தனை கரண்டி என்று பார்த்து வைத்துக் கொள்ளுங்கள். வெந்நீர் வேண்டாம். பவுடர் அடியில் தங்கியதும், மேலே தெளிந்த நீரால் துடைத்து, 10 நிமிடம் விட்டுக் கழுவுங்கள். வாந்தி, பேதி பட்ட இடம் என்றால், துடைத்துக் கழுவிய பிறகு, 1 லிட்டருக்கு 15 கிராம். அன்றன்றைக்குக் கரைத்ததுதான் வேலை செய்யும். பவுடர் டப்பாவையும் இறுக மூடாவிட்டால் சத்து போய்விடும்.

ஆனால் குடிதண்ணீர்த் தொட்டிக்கு 1,000 லிட்டருக்கு இரண்டரை கிராம்தான்! ஒரு மணி நேரம் கழித்தே குடிக்கலாம். தரைக்குக் கரைத்ததைக் குடத்தில் ஊற்றினால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மலை வீட்டில்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி ஆறு பிறக்கும் கல்வராயன் மலையில் மண் தரை வீடுகள் இன்னும் உண்டு. சாணம் போட்டு மெழுகிய தரையில் பிளீச்சிங் பவுடர் தூவுவது வீண். மண்ணும் சாணமும் குளோரினைத் தின்றுவிடும்.

சாணம் கிருமியைக் கொல்லாதா? பாட்டிமார்கள் கோபிக்க வேண்டாம். சாணம் மெழுகினால் புழுதி அடங்கும், அவ்வளவுதான். ரண ஜன்னியை உண்டாக்கும் கிருமி சாணத்திலும் மண்ணிலும் இருக்கிறது. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம், சாம்பல் எதையும் வைக்கக்கூடாது. மெழுகிய கையை சோப்பு போட்டுக் கழுவாமல் பிள்ளையைத் தூக்கக்கூடாது. சேலம், ஈரோடு பக்கம் கடையில் 'சாணிப் பவுடர்' என்று விற்றார்களே, அதில் சாணியே கிடையாது. அது சாயம். வாய்க்குள் போனால் விஷம்.

மண் வீட்டில் வெயில் படும்படி கதவைத் திறந்து வைப்பதும், தரையை ஈரம் இல்லாமல் வைப்பதும், தண்ணீர்ப் பானையை மூடி, பிடி உள்ள அகப்பையால் மொள்ளுவதுமே பெரிய காவல். மலை ஓடை நீர் கண்ணாடி போலத்தான் இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது. தளதளவென்று கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

கொரோனா வந்த 2020-ல் மருந்தை மனிதர்கள் மீதே தெளித்தார்கள். திருப்பூர் தென்னம்பாளையம் சந்தையில் ஆட்கள் நடந்து போக மருந்துச் சுரங்கமே அமைத்தார்கள்! சில நாட்களிலேயே அரசு சுகாதாரத் துறை 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டது. மருந்து தரைக்குத்தான்; ஆளுக்கு அல்ல.

பெயர் இல்லாத பாட்டில்

2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. சாராயம் என்று நம்பிக் குடித்ததில் மெத்தனால் இருந்தது. பார்த்தால் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். கண்ணால் பார்த்து விஷம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆசிட்டும் அப்படித்தான். அதைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றிச் சமையல் அறை மூலையில் வைக்கிறோம். பள்ளிக்கூடம் விட்டு ஓடி வரும் பிள்ளைக்குத் தாகம். பாட்டில் தெரிந்த பாட்டில். பிறகு?

வாங்கிய பாட்டிலிலேயே, பிள்ளை கைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். பிள்ளை குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியிலேயே திரும்பி வந்து தொண்டையை இன்னொரு முறை வேகவைக்கும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, 108-க்குச் சொல்லுங்கள். மலையில் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேரவே நேரம் ஆகும். கை வைத்தியத்தில் பொழுதைப் போக்க வேண்டாம். புறப்படும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துக் கொள்ளுங்கள். உள்ளே போனது என்ன என்று டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும்.