மவுஸ் ஏன் அவ்வளவு தூரத்தில்?

நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவருக்குச் சாயங்காலம் வலது தோள்பட்டை கடுத்தால், முதலில் பழி விழுவது நாற்காலியின் மேல். மேஜையைக் கொஞ்சம் பாருங்கள். முழு அளவு கீபோர்டு சுமார் 44 செ.மீ. அகலம். எழுத்துகள் இடப்பக்கம் இருப்பதால் அவற்றுக்கு நேராக உட்காருகிறோம். வலக்கோடியில் நம்பர் பேட். அதையும் தாண்டித்தான் மவுஸ். அதைத் தொடும் ஒவ்வொரு முறையும் முழங்கை விலாவை விட்டு விலகுகிறது. நீட்டிய கையின் பாரம் முழுக்கத் தோளுக்கு.

நம்பர் பேட் இல்லாத 'டென்கீலெஸ்' கீபோர்டு 36 செ.மீ.தான். மவுஸ் சுமார் 8 செ.மீ. உள்ளே வந்துவிடும். என்னைக் கேட்டால், விலை கூடிய வளைந்த கீபோர்டுகளைத் தேடும் முன் செய்ய வேண்டிய மாற்றம் இதுதான். கணக்கு எழுதுகிறவர்கள் நம்பர் பேடைத் தனியாக வாங்கி, இடப்பக்கம் வைத்துப் பழகலாம்.

கீபோர்டின் பின்கால்களைத் தயவுசெய்து மடக்கிவிடுங்கள். அவை நிமிர்ந்தால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும். விரல்களை மடக்கும் தசைநாண்களும் ஒரு முக்கிய நரம்பும் அங்கே ஒரே குறுகலான வழியில் செல்கின்றன. வளைய வளைய நரம்பின் மேல் அழுத்தம் ஏறும்.

மெக்கானிக்கல் கீபோர்டு வாங்குவதானால் செர்ரி எம்எக்ஸ் ரெட் போன்ற மென்மையான விசைகள் நல்லவை. விசை 4 மி.மீ. இறங்கும், ஆனால் 2 மி.மீ.-இலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரை இடிக்கத் தேவையில்லை.

சென்னை ரிச்சி தெருக் கடைகளில் நின்றபடியே கவுண்டர் மேல் தட்டிப் பார்த்து வாங்குகிறோம். நிற்கும்போது கை வேறு கோணத்தில் இருக்கும். ஒரு ஸ்டூல் கேட்டு, உட்கார்ந்து தட்டுங்கள். மவுஸைப் பிடித்தால் உள்ளங்கை அதன் முதுகில் படிய வேண்டும். லேப்டாப் பைக்கென்று செய்த குட்டி மவுஸில் விரல்கள் மடங்கியே கிடக்கும். கைகுலுக்கும் வாக்கில் பிடிக்கும் செங்குத்து மவுஸில் முன்கை முறுக்கிக்கொள்ளாது. ஆனால் நுணுக்கமான படவேலைக்குக் கை பழக நாளாகும்.

தமிழில் நிறைய அடிப்பவர்களுக்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. 'தங்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தால் ஏழு தட்டு. தமிழ்99-இல் ங-வுக்குப் புள்ளி தானே விழும். ஐந்து தட்டு போதும். விண்டோஸ் 11-இல் அது கூடவே வருகிறது. மொழி அமைப்பில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.