எல்லை தாண்டும் லொறிக்கு என்னென்ன பத்திரம் வேண்டும்?

திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சரக்கெடுக்கப் போகும் நம்மவரின் லொறி ஆறு மாகாணங்களைத் தொட்டுச் செல்கிறது. கிழக்கில் புறப்பட்டுக் கந்தளாய் தாண்டினால் ஹபரணையில் வடமத்தி, தம்புள்ளையில் மத்தி, குருநாகலில் வடமேல், அம்பேபுஸ்ஸையில் சப்ரகமுவ, பிறகுதான் மேல் மாகாணம். இத்தனை எல்லை கடந்தும் ஓரிடத்திலும் மாகாண வரி என்று நாம் கட்டுவதில்லை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வருமான உத்தரவுப் பத்திரத்தை வழங்குவது மாகாணம் என்றாலும் அது எங்கும் செல்லும்.

அப்படியானால் நம் வியாபாரிகள் வழியில் மாட்டிக்கொள்வது எதனால்? நான் பார்த்தவரை முதற்காரணம் சாரதியின் அனுமதிப்பத்திர வகுப்பு. கார், வேன் ஓட்டும் 'பீ' வகுப்புப் பத்திரத்தை வைத்துக்கொண்டு கென்டர் லொறியில் ஏறிவிடுகிறார்கள். சரக்கோடு சேர்த்து 3,500 கிலோவுக்கு மேற்பட்ட மொத்த எடையுள்ள லொறிக்கு 'சீ 1' வேண்டும். 17,000 கிலோவைத் தாண்டினால் 'சீ'. கனரக வகுப்புகளை நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இலகு வாகனத்துக்கு எட்டு வருடம். இந்த வித்தியாசம் தெரியாமல் காலாவதியான பத்திரத்தோடு ஓடுபவர்கள் நம்மூரிலேயே உண்டு.

பொலிஸார் எழுதும் தண்டம் இதில் சின்ன விஷயம். பெரிய விஷயம் காப்புறுதி. உரிய பத்திரம் இல்லாதவர் ஓட்டிய லொறி விபத்துக்குள்ளானால் காப்புறுதிக் கம்பனி கையை விரித்துவிடலாம். லொறியின் விலை, சரக்கின் விலை, அடிபட்டவருக்கான நட்டஈடு எல்லாம் முதலாளி தலையில் விழும். தகுதியில்லாதவரைச் சாரதியாக வைத்த குற்றத்துக்கும் முதலாளியே பதில் சொல்ல வேண்டும். ஆகவே சம்பளம் பேசும் முன் அந்த அட்டையை வாங்கி, பின்புறத்தையும் திருப்பிப் பாருங்கள்.

அடுத்தது தண்டப்பணம். சிறு குற்றங்களுக்குப் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தற்காலிகப் பத்திரம் தருவார்கள். 14 நாட்களுக்குள் தபால் அலுவலகத்தில் கட்ட வேண்டும். அது தவறினால் 28 நாள் வரை இரட்டிப்புத் தொகை, அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். கிண்ணியா வியாபாரிக்குக் குருநாகலில் தண்டம் எழுதினால் பணத்தை இங்கேயே தபாலில் கட்டலாம். ஆனால் அனுமதிப்பத்திரத்தை மீட்க அந்தப் பொலிஸ் நிலையத்துக்கே போக வேண்டும். தண்டத்தைவிட டீசலும் ஒருநாள் வியாபாரமும் அதிகம். 2025இல் அரசாங்கம் கொண்டுவந்த கவ்பே முறை இதற்குத்தான் ஆறுதல். அவ்வருடம் ஏப்ரலில் குருநாகல், அனுராதபுரம் பக்க வீதியில் பரீட்சார்த்தமாக ஆரம்பித்துப் பிறகு மற்ற இடங்களுக்கும் விரித்தார்கள். கைத்தொலைபேசியில் அங்கேயே கட்டிவிட்டால் பத்திரம் கையோடு வரும். சாரதியின் தொலைபேசியில் அந்த வசதியைச் செய்து கொடுப்பது முதலாளியின் வேலை.

சரக்கைப் பொறுத்தும் பத்திரம் மாறும். மீனும் மரக்கறியும் ஏற்றுபவருக்குப் பெரிய சிக்கல் இல்லை. மண் ஏற்றினால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் போக்குவரத்து அனுமதி வேண்டும். மரத்துக்கும் தனி அனுமதி உண்டு.

மாடு ஏற்றுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க மிருகங்கள் சட்டத்தின் கீழ், உரிமையைக் காட்டும் சீட்டு, அரச கால்நடை வைத்தியரின் சான்றிதழ், போக்குவரத்து அனுமதி மூன்றும் கையில் இருக்க வேண்டும். இரவில் ஏற்றிச் செல்லக் கூடாது. அனுமதியில் உள்ள எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூட ஏற்றக் கூடாது. ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கும்போது உழ்ஹிய்யாவுக்காக அவசரப்பட்டு ஏற்றுகிறோம். பிடிபட்டால் மாடும் லொறியும் நீதிமன்றத்தில் நிற்கும், பெருநாள் நமக்காகக் காத்திருக்காது. ஊரில் நம்மைப் பற்றிய பேச்சும் வேறு விதமாகப் போகும்.

வேகம் பற்றியும் ஒரு வார்த்தை. கார்களுக்கு ஊர்மனைக்குள் 50, வெளியே 70 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு 40தான். 2022இல் திறந்த மீரிகம - குருநாகல் அதிவேகப் பாதையில் முச்சக்கர வண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் ஏறவே முடியாது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இரவில் யானை குறுக்கே வரும். அதற்குச் சட்டமும் தெரியாது, ஹோர்னும் தெரியாது.

புடைவை வாங்கச் சென்னை போகிறவர்களுக்கு இந்த எல்லை விஷயம் வேறு மாதிரி. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் பெர்மிட்டும் வரியும் உண்டு. வாடகைக் காருக்கு மஞ்சள் இலக்கத் தகடு. வெள்ளைத் தகடு சொந்தப் பாவனைக்கு மட்டும். கொள்வனவை முடித்துக்கொண்டு நாகூர் போக நினைத்தால், கடற்கரைப் பாதையில் பாண்டிச்சேரியும் காரைக்காலும் குறுக்கே வரும். இரண்டும் தமிழ்நாடு அல்ல, புதுச்சேரி ஆட்சிப்பகுதி. அகில இந்திய சுற்றுலாப் பெர்மிட் உள்ள கார் என்றால் தடையில்லை. இல்லாவிட்டால் அந்த வரியைக் கட்டப்போவது யார் என்று வாடகை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.