மலைப்படியும் சைக்கிள் மிதியும்

திருத்தணி மலைக்கு 365 படிகள். ஆடிக் கிருத்திகையன்று காவடியைத் தோளில் தாங்கி அவற்றில் ஏறுவோரை நீங்கள் பார்த்திருக்கலாம். 'அப்பப்பா, எவ்வளவு சக்தி செலவாகும்!' என்று நினைத்ததுண்டா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு படியின் உயரம் 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். (இங்கே வரும்போது அளந்து பார்த்து என் கணக்கைத் திருத்துங்கள்.) மொத்த உயரம் ஏறக்குறைய 55 மீட்டர். உங்கள் எடை 50 கிலோ என்றால், புவியீர்ப்பை எதிர்த்து நீங்கள் செய்யும் வேலை 50 × 9.8 × 55, அதாவது சுமார் 27,000 ஜூல். நம் தசைகள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் வேலையாக மாறுகிறது, மீதி வெப்பமாகிறது. ஆகவே உடலின் செலவு 1,08,000 ஜூல். உணவுக் கணக்கில் 26 கிலோகலோரி! ஓர் இட்லியே அதைவிட அதிகம் தந்துவிடும்.

இனி வேடிக்கையைப் பாருங்கள். சமதரையில் 1 கிலோமீட்டர் நடந்தால் அதே உடலுக்குச் சுமார் 37 கிலோகலோரி செலவாகிறது. உயரே ஏறவே இல்லையே, பின் எதற்குச் செலவு? நடக்கையில் ஒவ்வோர் அடிக்கும் நம் உடல் சில செ.மீ. எழும்பித் தாழ்கிறது. கால் வேகமெடுக்கிறது, நிற்கிறது, மறுபடி வேகமெடுக்கிறது. சைக்கிளில் இந்தத் தொல்லை இல்லை. உடலின் எடையைச் சீட் தாங்குகிறது, சக்கரம் பால்ரஸ் மேல் உருள்கிறது. அதனால் அதே தூரத்துக்கு 7 அல்லது 8 கிலோகலோரி போதும். ஐந்தில் ஒரு பங்கு! விலங்குகள், வாகனங்கள் எல்லாவற்றையும் ஒப்பிட்டு, சைக்கிளில் செல்லும் மனிதனுக்கே முதலிடம் என்று 1973இல் எஸ்.எஸ். வில்சன் என்ற பொறியியல் அறிஞர் எழுதினார்.

மோட்டார் சைக்கிளையும் விட்டுவைக்க வேண்டாம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடும் வண்டியானாலும், 1 கிலோமீட்டருக்கு அது எரிக்கும் பெட்ரோலின் ஆற்றல் சைக்கிள்காரரின் செலவைப்போல் 20 மடங்கு.

சென்னையில் 1959இல் தொடங்கப்பட்ட ஐ.ஐ.டி.யைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கிண்டிக் காட்டை ஒட்டி, சுமார் 250 ஹெக்டேர் பரப்பில் அமைந்த வளாகம். அங்கே மாணவர்கள் மோட்டார் வாகனம் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. நதிகளின் பெயர் தாங்கிய விடுதிகளிலிருந்து வகுப்புக்குச் சைக்கிளிலும் நடந்தும்தான் வருகிறார்கள். அவசரத்துக்கு வளாகப் பேருந்து உண்டு. சாலையோரம் புள்ளிமான்கள் மேயும்.

மான் குறுக்கே ஓடினால் என்ன ஆகும்? இயக்க ஆற்றல், நிறையையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. 50 கி.மீ. வேகத்தில் ஆளோடு 180 கிலோ மோட்டார் சைக்கிள்: சுமார் 17,000 ஜூல். 15 கி.மீ. வேகத்தில் ஆளோடு 75 கிலோ சைக்கிள்: 650 ஜூல். பிரேக் பிடித்து அடக்க வேண்டியது இவ்வளவையும்தான். மானுக்குச் சொன்னது சாலையைக் கடக்கும் சிறு பிள்ளைக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர்ப் பக்கம் கல்லூரி சேர்ந்ததுமே பையன்கள் பைக் கேட்கிறார்கள். பதினோராம் வகுப்பில் அரசு தந்த சைக்கிள் மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கும். ஏனப்பா என்றால், "மிதிக்க முடியலை சார், ரொம்ப கனம்" என்பான் ஒருவன். போய்ப் பார்த்தேன். கனம் சைக்கிளில் இல்லை. டயரில் பாதிக் காற்றுதான் இருந்தது! காற்றுக் குறைந்த டயர் தரையில் நசுங்கி விரியும். ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் வளைந்து நிமிர்வதிலேயே உங்கள் உழைப்பு வெப்பமாகிவிடும்.

நீங்களே சோதிக்கலாம். வண்டிகள் வராத சமதரையில் ஒரே வேகத்தில் வந்து, ஒரு கோட்டைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்துங்கள். சைக்கிள் தானாக நிற்கும் இடத்தில் சாக்குக்கட்டியால் குறியிடுங்கள். பிறகு டயருக்கு நிறையக் காற்றடித்து மறுபடி செய்யுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதி வையுங்கள்.